ஜெரிமாண்டரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் ஜெரிமாண்டரிங். தமிழில் எழுதும்போது ‘தொகுதி மறுவரையறை’ என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் அது வேறு, இது வேறு. மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதி எல்லைகளைத் திருத்துவது மறுவரையறை. பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் அமெரிக்க மாநிலங்கள் அதைச் செய்தே ஆகவேண்டும். அந்த வேலையின்போது ஒரு கட்சிக்கோ இனத்துக்கோ சாதகமாகக் கோடு இழுப்பதுதான் ஜெரிமாண்டரிங். இந்தியாவில் எல்லை வரைவதற்குத் தனி ஆணையம் உண்டு. அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே வரைகிறது. அதாவது, போட்டியிடப் போகிறவர்கள் கையிலேயே பென்சில் இருக்கிறது.

சொல் பிறந்தது 1812இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். அப்போது ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்; 1787இல் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட மறுத்தவரும்கூட. அவருடைய கட்சி மாநில மேலவைத் தொகுதிகளைத் தனக்கு வசதியாக மாற்றியது. பிப்ரவரியில் கெரி அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ஒரு தொகுதி, ஊர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு நீண்டு கிடந்தது. மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெசட்’ இதழ் அந்த வரைபடத்துக்குச் சிறகும் நகமும் பல்லும் சேர்த்து ஒரு கேலிச்சித்திரம் போட்டது. பார்ப்பதற்குப் பல்லி போலிருக்கும் சாலமாண்டர் என்ற பிராணியின் பெயரோடு ஆளுநர் பெயரை ஒட்டி ‘கெரிமாண்டர்’ என்று அதற்குப் பெயரும் வைத்தது. பின்னாளில் உச்சரிப்பு ‘ஜெரி’ என்று மாறிவிட்டது.

அந்த ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சிதான் மேலவைக்கு அதிக வாக்குகள் வாங்கியது. ஆனால் 40 இடங்களில் 29 கெரியின் கட்சிக்குப் போயின. கெரியோ ஆளுநர் பதவியை இழந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரானார், 1814இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்த வரைபடத்தை அவர் தன் கையால் வரையவில்லை. இருந்தும் இரு நூற்றாண்டுகளாக அந்தப் பழியை அவர் பெயரே சுமக்கிறது.

சரி, குறைந்த வாக்குக்கு எப்படி அதிக இடம் கிடைக்கிறது? ஓர் ஊரில் 50 வாக்காளர்கள், தொகுதிக்குப் பத்துப் பேராக 5 தொகுதிகள் என்று வையுங்கள். சிவப்புக் கட்சிக்கு 20 பேர், நீலக் கட்சிக்கு 30 பேர். இரண்டு தொகுதிகளில் ஒன்பது ஒன்பதாக 18 நீல வாக்குகளை அடைத்துவிட்டால், மற்ற மூன்றிலும் ஆறுக்கு நாலு என்று சிவப்பு வெல்லும். எதிரியின் வாக்குகளைச் சில இடங்களில் குவி, மிச்சத்தைச் சிதறடி. அவ்வளவுதான் சூத்திரம்.

கோணல்மாணலாக இருந்தால்தான் சூது என்று நினைத்துவிடக் கூடாது. இன்று கணினி துணையோடு, பார்வைக்கு ஒழுங்கான கோடுகளிலேயே இதைச் செய்யலாம். தொகுதிகளின் மக்கள்தொகை ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதியையும் மீறாமல் செய்யலாம்.

இதன் மிகக் கொடிய முகத்தை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரத்தில் பார்க்கலாம். சதுரமாக இருந்த நகர எல்லையை 1957இல் 28 பக்கம் கொண்ட உருவமாக அந்த மாநிலச் சட்டமன்றம் வெட்டியது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லோரும் நகரத்துக்கு வெளியே போனார்கள். வீடு அதே இடத்தில் இருக்கிறது, ஓட்டு மட்டும் இல்லை! 1960இல் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. ஆனால் கட்சி ஆதாயத்துக்காகச் செய்தால்? அதில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மாநில நீதிமன்றங்களுக்கு அந்தத் தடை இல்லை.

இதனால்தான் ‘தொகுதி மோசடி’ என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்கத் தயங்குகிறேன். மோசடி என்றால் சட்டப்படி குற்றம் என்ற பொருள் வந்துவிடுகிறது. இங்கே பெரும்பாலும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். என் பரிந்துரை ‘தொகுதித் திரிப்பு’. நூலைத் திரிக்கிறோம், கயிறு திரிக்கிறோம், உண்மையையும் திரிக்கிறோம். ‘கயிறு திரிக்கிறான்’ என்றாலே பொய் சொல்கிறான் என்றுதானே பொருள்? வடிவத்தை முறுக்குவதையும் மக்கள் தீர்ப்பை மாற்றுவதையும் ஒரே வினைச்சொல் சொல்லிவிடுகிறது. கோடு நேராக இருந்தாலும் இந்தச் சொல் பொருந்தும்.

வாக்கியத்திலும் இயல்பாக அமர்கிறது. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்படி தொகுதிகளைத் திரித்தது. நவம்பரில், சுயேச்சை ஆணையம் வரைந்த வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். அப்புறம் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக அங்கும் தொகுதிகள் திரிந்தன.