சேரும் முன் ஹெட்போனைக் கேளுங்கள்

போன மாதம் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு நிமிட டிக்டேஷன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் பேசிப் பதிவுசெய்ததைக் கேட்டு டைப் செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் ஆறு மாத கோர்ஸ் முடித்தவர், சான்றிதழில் 'ஏ' கிரேடு. டாக்டர் சொன்னது 'நோ நோன் டிரக் அலர்ஜிஸ்', அதாவது தெரிந்தவரை எந்த மருந்துக்கும் அலர்ஜி இல்லை. அவர் அடித்திருந்தது 'நோ ஒன் டிரக் அலர்ஜிஸ்'.

"பயிற்சியில எவ்வளவு நாள்மா ஆடியோ கேட்டீங்க?"

"கடைசி ரெண்டு வாரம் சார். ஒரு சிஸ்டத்துக்கு மூணு பேர்."

"டாக்டருங்க பேசினதா?"

"இல்ல சார், எங்க மேடம் படிச்சு ரெக்கார்ட் பண்ணினது."

ஆடியோவைக் காலால் ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஃபுட் பெடலை அவர் அன்றுதான் முதல்முறை மிதித்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அனாட்டமியும் மருந்துப் பெயர்களும் புத்தகத்தில் கிடைக்கும். காது பழகத்தான் வகுப்புக்குப் போகிறோம். அமெரிக்க டாக்டர் நமக்காக நிறுத்தி நிதானமாகப் பேச மாட்டார். நடந்துகொண்டே பேசுவார், கொட்டாவி விடுவார், பக்கத்தில் மானிட்டர் 'பீப்' அடிக்கும். அவர் பஞ்சாபியாகவோ பிலிப்பினோவாகவோ இருந்தால் உச்சரிப்பே வேறு. அதில் ஹைப்போவா ஹைப்பரா, டிஸ்ஃபேஜியாவா டிஸ்ஃபேசியாவா என்று பிரித்தறிய வேண்டும். ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சில் சிரமம்.

எண்களில் தவறினால் உயிருக்கே ஆபத்து. 2008இல் அலபாமாவில் ஒரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 8 யூனிட் லெவெமிர் இன்சுலின் 80 யூனிட்டாகப் பதிவானது. அடுத்து அனுமதிக்கப்பட்ட இடத்தில் அந்த அளவே போடப்பட்டு அவர் இறந்துபோனார். டைப் செய்யும் வேலை இந்தியாவுக்கு வந்திருந்தது. 2012இல் ஜூரி விதித்த இழப்பீடு 14 கோடி டாலர்.

அதனால் இன்ஸ்டிட்யூட்டுக்குள் போனதும் ஏசியையும் சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்களையும் பார்த்து மயங்காதீர்கள். "ஒரு ஃபைல் போடுங்க, கேக்கணும்" என்று சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதியெல்லாம் நீக்கிய நிஜ டிக்டேஷனா என்று கேளுங்கள். தினமும் எத்தனை மணி நேரம், ஆளுக்கு ஒரு சிஸ்டமா? அதைவிட முக்கியம், யார் திருத்துவார்கள்? கம்பெனியில் க்யூஏ-வாக, அதாவது தரம் சரிபார்ப்பவராக இருந்தவர் உட்கார்ந்து, ஒவ்வொரு தவறையும் குறித்து, திரும்பவும் கேட்கவைக்க வேண்டும். காதில் சரியாக விழாத இடத்தில் பிளாங்க் விடச் சொல்லித் தருகிறார்களா என்றும் பாருங்கள். ஊகித்து நிரப்புபவரைவிட பிளாங்க் விடுபவரை நான் வேலைக்கு எடுப்பேன். ஸ்பேஸையும் சேர்த்து 65 எழுத்து ஒரு லைன், 98 சதவீதத்துக்குக் குறையாத துல்லியம் என்ற கணக்கையே அறியாத பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள்.

சின்ன அடையாளம் ஒன்று சொல்கிறேன். நோட்டீஸில் 'ஏஏஎம்டி பாடத்திட்டம்' என்று இருந்தால் கவனியுங்கள். அந்த அமெரிக்கச் சங்கம் 2007இலேயே ஏஹெச்டிஐ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பாடம் எவ்வளவு பழையது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முழுசாக டைப் செய்யும் வேலை சுருங்கிவிட்டது. மென்பொருள் எழுதியதைத் திருத்தும் எடிட்டிங்தான் இப்போது அதிகம். அதிலும் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்யும் நுவான்ஸ் கம்பெனியை 2022இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபின், டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு மென்பொருளே குறிப்பு எழுதுவது வேகமெடுத்திருக்கிறது. எடிட்டிங்கும், டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போதே குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலையும் கற்றுத்தராத கோர்ஸுக்குக் கட்டும் பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

'நூறு சதவீதம் வேலை உறுதி' என்பார்கள். போன பேட்ச்சில் முடித்த நாலு பேரின் நம்பர் கேளுங்கள், நீங்களே பேசுங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள், ரசீது வாங்குங்கள். டிகிரி சான்றிதழின் ஒரிஜினலைக் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.