கிளாசிக்கல் கிட்டார்ல ஸ்டீல் கம்பி மாட்டாதீங்க, ஏன்னு ஒரு பழைய கம்பெனி கதையோட சொல்றேன்

போன வாரம் பெரம்பூர்ல இருக்கிற என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு அம்மா பையனோட வந்தாங்க. பையன் கையில கிட்டார், அம்மா கையில கைக்குட்டையில முடிஞ்ச பிரிட்ஜ், அதாவது மேல் பலகையில ஒட்டி கம்பிகளோட அடி முனையைப் பிடிச்சு வெச்சிருக்கிற மரக்கட்டை. "நைட்டு பதினொரு மணிக்கு படார்னு சத்தம்ணே, சிலிண்டர்தான் வெடிச்சிருச்சோன்னு எல்லாரும் எழுந்து ஓடுனோம்"னாங்க. பீரோ மேல சும்மா கிடந்த கிட்டார், யாரும் தொடல, பிரிட்ஜ் தானா பிச்சுக்கிட்டு மேல் பலகையில இருந்து சிராயையும் சேர்த்து இழுத்துட்டு வந்திருக்கு. மாமா துபாய்ல இருந்து வாங்கிட்டு வந்த கிளாசிக்கல் கிட்டார் அது, நைலான் கம்பி போடுறது. சத்தம் பத்தலைன்னு பையன் சொல்ல, ஏதோ ஒரு கடையில ஸ்டீல் செட்டை மாட்டிக் கொடுத்துட்டாங்க. மூணு மாசம் தாங்குனதே பெருசு.

19 வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், மாசத்துக்கு ரெண்டு மூணாவது இதே கேஸ் வந்துடும். ஒவ்வொருத்தர் கிட்டயும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதியே போட்டுடலாம்னு.

மார்ட்டின்னு ஒரு அமெரிக்க கம்பெனி இருக்கு, பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. இன்னிக்கு நம்மூர்ல கிடைக்கிற விலை கம்மியான ஸ்டீல் கம்பி கிட்டார்லகூட சவுண்ட் ஹோல்ல கைவிட்டு தடவிப் பார்த்தா, பெரும்பாலும் இவங்க பழக்கிவிட்ட டிசைன்தான் கையில படும். ஆரம்பிச்சவர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் மார்ட்டின், 1796-ல ஜெர்மனி சாக்ஸனியில மார்க்நாய்கிர்ஹென்ங்கிற ஊர்ல பொறந்தவர், குடும்பம் தச்சர் குடும்பம். ஊரே வாத்தியம் செய்யுற ஊர், ஆனா அங்க வயலின் செய்யுறவங்களுக்கு தனி சங்கம், தச்சர்களுக்கு தனி சங்கம், கிட்டார் செய்யுற உரிமை எங்களுக்குத்தான், மேஜை பீரோ அடிக்கிறவங்களுக்கு இதுல என்ன வேலைன்னு வயலின்காரங்க மனு மேல மனு போட்டு இழுத்துட்டே இருந்திருக்காங்க. போங்கடா நீங்களும் உங்க சங்கமும்னு மனுஷன் 1833-ல நியூயார்க்குக்கு கப்பல் ஏறிட்டார், அங்க ஒரு கடை போட்டு ஓட்டிட்டு 1839-ல பென்சில்வேனியாவுல நாசரேத்ங்கிற ஊர்ல போய் செட்டில் ஆனார். கம்பெனி இன்னிக்கும் அங்கதான் இருக்கு. (நம்ம மவுன்ட் ரோடு மியூசி மியூசிக்கல், மிஸ்க்வித் கம்பெனிங்கிற பேர்ல 1842-ல ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட ஒரே காலம். மெட்ராஸ் ஒண்ணும் லேட் இல்லை.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காலத்துல கிட்டார்ல போட்டது ஆட்டுக்குடல் கம்பி, நைலான் எல்லாம் 1940-களுக்கு அப்புறம்தான். குடல் கம்பி அவ்வளவா இழுக்காது, அதனால மேல் பலகையை சன்னமா சீவி, உள்பக்கம் சின்னச் சின்ன சட்டம் ஒட்டுனா போதும். இந்த சட்டத்துக்குத்தான் பிரேசிங்னு பேரு, வீட்டுக்கு உத்தரம் மாதிரி. மார்ட்டின் 1840-கள்ல இந்த சட்டங்களை பெருக்கல் குறி மாதிரி குறுக்க ஒட்ட ஆரம்பிச்சார். அப்ப குடல் கம்பிக்காகத்தான் ஒட்டுனார், ஆனா எண்பது வருஷம் கழிச்சு ஸ்டீல் கம்பி வந்தப்போ அந்த இழுவையைத் தாங்க இந்த அமைப்புதான் கைகொடுத்துச்சு. அப்பவும் உடனே மாட்டிடல அவங்க. 1922-ல ஒரு சின்ன மாடல்ல சட்டத்தைப் பலமாக்கி ஸ்டீலுக்குன்னே செஞ்சு பார்த்து, அப்புறம் ஒவ்வொரு மாடலா மாத்தி, அந்தப் பத்து வருஷம் முடியுறதுக்குள்ள பெரும்பாலும் ஸ்டீலுக்கு வந்துட்டாங்க. ஸ்டீல் மாட்டணும்னா கிட்டாரையே புதுசா யோசிக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதைத்தான் நம்ம ஆளுங்க கடை வாசல்ல நின்னுட்டே பத்து நிமிஷத்துல முடிச்சிடுறாங்க.

இவ்வளவு பார்த்துப் பார்த்து செஞ்சவங்களையும் கஸ்டமர் விடல, அதான் இதுல எனக்குப் பிடிச்ச இடம். பெரிய உடம்பு கிட்டார் ட்ரெட்நாட், போர்க்கப்பல் பேரு, முதல்ல 1916-ல டிட்சன்ங்கிற கம்பெனிக்காக செஞ்சு கொடுத்தாங்க, 1931-ல இருந்து சொந்தப் பேர்லயே விட்டாங்க. அதுல உள் சட்டத்தை நடுவுல குழிவா சீவி வெயிட்டைக் குறைச்சிருப்பாங்க, சும்மா தட்டினாலே கும்முனு இருக்கும். ஆளுங்க சத்தம் இன்னும் வேணும் இன்னும் வேணும்னு தடி கம்பியா வாங்கி மாட்ட, மேல் பலகை இட்லி மாதிரி உப்பி ரிப்பேருக்கு வர ஆரம்பிச்சிடுச்சு. 1944-ல கம்பெனி அந்த சீவுற வேலையையே நிறுத்திட்டு சட்டத்தை அப்படியே மொத்தையா விட்டுடுச்சு. கிட்டார் உறுதியாச்சு, சத்தம் கொஞ்சம் அடங்கிப்போச்சு. 1976-ல ஒரு மாடல்ல மறுபடி சீவ ஆரம்பிக்கிற வரைக்கும் இதே கதைதான், இன்னிக்கு அந்த 1944-க்கு முந்தின பீஸ்களைத்தான் கலெக்டருங்க கொட்டிக் கொடுத்து வாங்குறாங்க.

கணக்கு என்னன்னா, சாதாரண 12 கேஜ் (இருக்கிறதுலயே மெல்லிசான கம்பி 0.012 அங்குல தடிமன்) ஸ்டீல் செட்டை டியூன் பண்ணி வெச்சா மொத்த இழுவை ஏறக்குறைய 70 கிலோ. நைலான் செட்னா 40 கிலோ பக்கம். அந்தப் பையன் கிட்டார்ல 40 கிலோவுக்கு செஞ்ச பிரிட்ஜை 70 கிலோ ஆள் ஒருத்தன் மூணு மாசமா ராத்திரி பகலா பிடிச்சு இழுத்திருக்கான். கிளாசிக்கல்ல பெரும்பாலும் நெக்குக்குள்ள வளையாம தாங்குற ட்ரஸ் ராடுங்கிற உலோகக் கம்பியும் இருக்காது, பிரிட்ஜ் தப்பிச்சாலும் நெக் வில்லு மாதிரி வளைஞ்சிடும்.

உங்க கிட்டார் எந்த வகைன்னு தெரியலையா, தலையைப் பாருங்க. தலையில ரெண்டு நீளத் துளை, உள்ள வெள்ளை பிளாஸ்டிக் உருளையில கம்பி சுத்துது, பிரிட்ஜ்ல கம்பியை முடிச்சு போட்டுக் கட்டியிருக்குன்னா நைலான் மட்டும்தான். பிரிட்ஜ்ல ஆறு குட்டி பின் குத்தியிருந்தா ஸ்டீல். தலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சில ஸ்டீல் கிட்டார்லயும் துளை போட்ட தலை வரும், பிரிட்ஜையும் சேர்த்துப் பாருங்க. சத்தம் பத்தலைன்னா ஹார்ட் டென்ஷன் நைலான் செட்டுன்னு கேட்டு வாங்குங்க, அவ்வளவுதான் போகலாம்.

பிச்சுக்கிச்சா, உடனே கம்பியை லூஸ் பண்ணிட்டு சிராய் துண்டு உட்பட எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. தயவுசெஞ்சு சூப்பர் க்ளூ ஊத்தாதீங்க. பழைய வாத்தியக்காரங்க வஜ்ரம் (மாட்டுத்தோல், எலும்புல செய்யுற பசை) காய்ச்சி ஒட்டுனதுக்குக் காரணம் இருக்கு, சூடும் ஈரமும் காட்டினா அது விட்டுக்கொடுக்கும், அடுத்த ரிப்பேர்காரனுக்கு மரம் சேதமாகாம பிரிக்கலாம். 2015 வெள்ளத்துல முழுகி எங்கிட்ட வந்த வாத்தியங்கள்ல வஜ்ரம் போட்டது ஜாயின்ட் ஜாயின்ட்டா கழண்டு வந்துச்சு, காயவெச்சு திரும்ப ஒட்டிட்டேன். சூப்பர் க்ளூ போட்டதை உளி வெச்சுத்தான் சுரண்டணும், கூடவே பலகையும் வரும்.

சென்னைக்காரங்களுக்கு இன்னொண்ணு. மார்ட்டின் கம்பெனியே ஈரப்பதம் 45-ல இருந்து 55 சதவீதம் இருக்கட்டும்னு சொல்லுது, நம்ம ஊர்ல ஏசி இல்லாத ரூம்ல பல நாள் 70-ஐத் தாண்டி நிக்குது, மரம் தண்ணி குடிச்சு உப்பி கம்பி ஃப்ரெட்டுக்கு (நெக்ல குறுக்க பதிச்ச உலோகக் கோடு) மேல தூக்கிக்கும், விரல் வலிக்குதுன்னு வர்ற புதுப் பசங்கள்ல பாதிப் பேருக்கு இதான் பிரச்சினை. சுவத்துல மாட்டாம கேஸ்ல மூடி வெச்சு சிலிக்கா ஜெல் பை போடுங்க. மே மாசம் கார் டிக்கியில விடுறதைப் பத்தி நான் பேசவே விரும்பல.

பையன் கிட்டார் இப்ப க்ளாம்ப்ல இருக்கு, சிராயை ஒட்டி லெவல் பண்ணிட்டேன், வியாழக்கிழமை வாங்கன்னு சொல்லியிருக்கேன். கழட்டுன ஸ்டீல் செட்டைக் குப்பையில போடப் போனேன், அவங்கம்மா தடுத்து கேட்டு வாங்கிட்டுப் போனாங்க, மாடியில மல்லிகைக் கொடிக்கு இழுத்துக் கட்டணுமாம்.