பழைய படியை அழிக்காதீர்கள்

அச்சகங்களில் ஒரு பழக்கம் இருந்தது. மெய்ப்பு பார்க்க இருவர் உட்காருவார்கள். ஒருவர் மூலப்படியை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். எழுதியவரே பார்த்தால் பிழை தப்பிவிடும். அவர் கண் தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதைப் படிக்கும். இதே ஏற்பாடு நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். சுமார் 600 கோடி ஜோடி எழுத்துகள். அதன் இரண்டு இழைகளுக்கும் புது எதிர் இழை வேண்டும் என்பதால், கோக்க வேண்டியவை சுமார் 1,200 கோடி. ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்று கோத்துக்கொண்டே போவது பாலிமரேஸ் என்ற நொதி. ஏறக்குறைய லட்சம் எழுத்துக்கு ஒன்று தவறாக விழும். அப்படியே விட்டால், செல் ஒருமுறை பிரிவதற்குள் லட்சத்துக்கும் மேல் பிழைகள் சேர்ந்துவிடும்.

தவறான எழுத்து விழுந்ததும் புது இழையின் நுனி எதிர் இழையோடு ஒட்டாமல் விலகி நிற்கும். அதன்மேல் அடுத்த எழுத்தைக் கோப்பது சிரமம் என்பதால் நொதி தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் திருத்தம் நடக்கிறது. நுனி அதே நொதியிலுள்ள இன்னொரு குழிக்கு நகர, அங்கே கடைசி எழுத்து வெட்டப்படும். அப்புறம் திரும்பி வந்து சரியானது கோக்கப்படும். நூறு பிழைகளில் ஏறத்தாழ 99 இங்கேயே போய்விடும்.

தப்பியவற்றைப் பிடிக்கப் பின்னால் வேறொரு குழு வருகிறது. அதன் சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. ஏ-வுக்கு எதிரே சி நிற்கிறது. சரி, இரண்டில் எது தவறு? எழுத்துகளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எது பழைய இழை என்று தெரிந்தாக வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவில் பழைய இழையில் ஆங்காங்கே மெத்தில் என்ற சிறு குறி ஒட்டியிருக்கும். புது இழைக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் ஏறும். அந்த இடைவெளிக்குள் குறியில்லாத இழையை வெட்டி, ஒரே ஓர் எழுத்துக்காகச் சில சமயம் ஆயிரம் எழுத்துகள் வரை நீக்கி, மறுபடி எழுதுகிறது செல். காலம் தாழ்ந்தால் இரண்டு இழையும் ஒன்றுபோல் ஆகிவிடும். இந்த வழிமுறையை விளக்கிய பால் மாட்ரிச், 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதரில் இந்தக் குழுவின் மரபணுக்கள் பிறவியிலேயே பழுதாயிருந்தால் லிஞ்ச் நோய்க்குறி. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்கு கூடும்.

இதைப் படித்த பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறியது. கணக்குத் தாளோ கட்டுரையோ, திருத்தும்போது பழைய படியை அழிப்பதில்லை. முடித்த அன்றே, வேறொருவர் கண்ணில் காட்டிவிடுகிறேன்.

ஆனால் பிழையே இல்லாமல் காப்பது மட்டும் உடலுக்குப் போதாது. புதிய கிருமி வந்தால், நிணநீர்க் கணுக்களில் உள்ள பி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள், கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருளுக்கான தங்கள் மரபணுவில் மட்டும் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்துகின்றன, வழக்கத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்தில். பெரும்பாலான மாற்றங்கள் உதவாதவை. அந்தச் செல்கள் மடியும். கிருமியை முன்பைவிட இறுக்கமாகப் பற்றுபவை பிழைத்துப் பெருகி, மறுபடி மாற்றத்துக்கும் தேர்வுக்கும் போகும். இது வாரக்கணக்கில் நடக்கும். தடுப்பூசியின் அடுத்த தவணைக்கு இடைவெளி விடுவது பலன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.