எபிதீலியம்: 'மேலணி' என்று சொல்லலாமே

மூச்சுக்குழாய் நோய்களைப் பற்றி எதைப் படித்தாலும் 'எபிதீலியம்' என்ற சொல் வந்துவிடும். மூச்சுக்குழாயின் உட்பக்கத்தில் காற்று படும் இடமெல்லாம் நிற்கும் செல்களின் வரிசைக்கு அதுதான் பெயர்.

கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல், 'தீலே' என்றால் முலைக்காம்பு. நுரையீரலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெடெரிக் ருய்ஷ் என்ற டச்சு உடற்கூறியலாளர், உதட்டில் காம்பு போன்ற நுண்மேடுகளை மூடியிருந்த மெல்லிய தோலுக்கு இந்தப் பெயரை வைத்தார். அப்புறம் குடல், மூச்சுக்குழாய், சுரப்பிகள் என எல்லா உறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எபிதீலியத் திசு' என்றே எழுதுகின்றன. 'புறத்தோல்' என்று எழுதினால் உடம்பின் மேல்தோலோடு குழம்பிவிடும். 'படலம்' என்றால் சும்மா போர்த்திய துணி போன்ற எண்ணம் வருகிறது. இலங்கைப் பாடநூல்களில் வரும் 'மேலணி' எனக்கு மிகவும் பிடித்த சொல். அணி என்றால் வரிசை. கூடிச் செயல்படும் கூட்டமும் அணிதான். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன.

முதலில் வரிசை. பெரிய மூச்சுக்குழாயின் மேலணியை நுண்ணோக்கியில் பார்த்தால் பல அடுக்கு போலத் தோன்றும். உண்மையில் உயரமான செல்லும் குட்டையான செல்லும் ஒரே அடித்தளத்தில்தான் கால் ஊன்றியிருக்கின்றன.

கூட்டு வேலைதான் இதில் பெரிய சங்கதி. கோப்பை வடிவச் செல்கள் சுரக்கும் சளியில் தூசியும் கிருமியும் ஒட்டிக்கொள்கின்றன. பக்கத்துச் செல் ஒவ்வொன்றின் தலையிலும் மயிர் போன்ற நுண்ணிய குறுயிழைகள் சுமார் 200 உண்டு. அவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அடித்து அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. ஒரு செல்லைத் தொட்டால் அதற்குள் கால்சியம் உயர்கிறது. செல்களுக்கு இடையிலுள்ள நுண்வாய்கள் வழியே அந்தச் சேதி அடுத்தடுத்த செல்லுக்குப் போய், அங்கேயும் இழைகள் வேகம் பிடிக்கின்றன. அடியிலுள்ள மூலச்செல்லிலிருந்து பிறக்கும் புதிய செல் சளி சுரக்கப் போகிறதா, இழை வளர்க்கப் போகிறதா என்பதையும் அண்டைச் செல் தொட்டுச் சொல்கிறது. 'நாட்ச்' என்ற புரதம் தூண்டப்பட்டால் சுரப்புச் செல்; தூண்டப்படாவிட்டால் இழைச் செல்.

நோய் வரும்போது இந்தப் பேச்சுதான் கெடுகிறது. ஆஸ்துமாவில் மேலணியே அபாயச் சேதி அனுப்பி நோயெதிர்ப்புச் செல்களை அழைக்கிறது. அவை விடும் 'இன்டர்லூக்கின் 13' என்ற சேதிப் புரதம் கோப்பைச் செல்களைப் பெருக்க, இழைச் செல்கள் குறைந்து சளி தேங்குகிறது. புகை பிடிப்பவர்களுக்கு இழைகள் குட்டையாகின்றன. நாள்பட்டால் சில இடங்களில் இழைச் செல்கள் போய்த் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக வந்துவிடும். அந்த இடத்தில் சளியைத் தள்ள ஆளில்லை, இருமல்தான் வழி.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் இன்னும் உருக்கமான கதை. அதற்குக் காரணமான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. உப்பின் ஒரு கூறான குளோரைடை வெளியே விடும் வாயில் பழுதாவதால் செல்களின் மேல் நீர் குறைந்து சளி பசையாக இறுகுகிறது. குறுயிழைகளுக்குத் தம்மளவில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தப் பசையை அவற்றால் நகர்த்த முடிவதில்லை.

'மேலணி' புதுச் சொற்களுக்கும் இடம் கொடுக்கிறது. மூச்சுவழி மேலணி, மேலணிச் செல் என்று சொல்லலாம். 'கார்சினோமா' என்பதை 'மேலணிப் புற்று' என்றால் அது எங்கே தொடங்குகிறது என்று பெயரிலேயே தெரிந்துவிடும். நுரையீரலில் தோன்றும் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வகைதான்.