திரிபு: விரிசலைக் காட்டிக்கொடுக்கும் அளவு

பினாங்கில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் இயற்பியலை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் படிக்கிறார்கள், அதனால் மலாயில் 'தெரிக்கான்' தெரியும், ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயின்' தெரியும், தமிழில் என்ன என்று கேட்டால் 'அழுத்தம்' என்றோ 'இறுக்கம்' என்றோ சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே பொருந்தாது. திரிபு என்பதே சரி.

விசை பட்ட பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பதுதான் திரிபு. ஒரு மீட்டர் எஃகுக் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் திரிபு 0.001, நீளத்தை நீளத்தால் வகுப்பதால் அலகு கிடையாது. 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தில் ஒவ்வொரு லாரி ஏறும்போதும் இறங்கும்போதும் இது நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், வேறு: பொருளுக்குள் எழும் விசை ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பது.

ஆங்கிலச் சொல் 'இறுக்கு' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது, மலாயிலும் 'தெரிக்' என்றால் விறைப்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின்தான் 'ஸ்ட்ரெயின்' என்பதை உருமாற்றத்துக்கு என்று ஒதுக்கினார். தமிழில் 'திரி' என்றாலே மாறுவதுதான். பால் திரிந்துபோச்சு என்கிறோமே, பொன்னும் குடமும் பொற்குடமாவதையும் இலக்கணம் திரிதல் என்றே சொல்கிறது. இலங்கைப் பாடநூல்களில் 'விகாரம்'. அதுவும் நல்ல இலக்கணச் சொல், ஆனால் பேச்சில் அசிங்கம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டதால் நான் திரிபையே எடுப்பேன்.

அப்புறம் திரிபுமானி, அதாவது ஸ்ட்ரெயின் கேஜ். 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பரப்பில் ஒட்டிய மெல்லிய உலோக இழை நீளும்போது அதன் மின்தடை கூடும், அதை அளந்தால் திரிபு கிடைத்துவிடும்.

விரிசல் விழுந்த இடத்தில் சுமை நேராகப் போக முடியாமல் முனையைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் முனையருகே திரிபு எகிறும், விரிசலின் இரு பக்கமும் குறையும். இறுக்கம் என்று சொல்லிப் பழகியவர் கூடுவதை மட்டுமே தேடி, பக்கவாட்டில் குறையும் இந்த அளவைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும், பல நேரம் விரிசலை முதலில் காட்டுவதே அதுதான். விரிசல் எவ்வளவு நீளம் என்று அறிய, பொறியாளர்கள் கணினி மாதிரியில் வெவ்வேறு நீள விரிசல்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் திரிபுமானிகள் என்ன காட்டும் என்று கணக்கிட்டு, உண்மையான அளவீட்டோடு எது ஒத்துப்போகிறதோ அதை விரிசலின் நீளமாக எடுக்கிறார்கள். நம் ஊர் வெயிலிலும் எஃகு நீளும், அந்தத் திரிபைக் கழிக்க வேண்டும். தூரத்தில் ஒட்டிய மானிக்குச் சிறு விரிசல் தெரியவே தெரியாது. வெவ்வேறு இடத்தில் உள்ள இரண்டு விரிசல்கள் ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தரவும் கூடும், ஆகவே நல்ல பொறியாளர் ஒற்றை எண்ணைச் சொல்லாமல் இத்தனை மில்லிமீட்டரிலிருந்து இத்தனை வரை என்றுதான் அறிக்கையில் எழுதுவார்.