பழைய மதுவிடுதியின் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

சென்ற வாரம் மேற்கு இங்கிலாந்தின் ஒரு சந்தை நகரில், தெருமுனை மதுவிடுதியைப் பார்க்க அழைத்திருந்தார்கள். சுவரின் அடியில் படுத்திருக்கும் ஓக் சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. இழுத்தபோது ஈரக் காப்பித்தூள் போல மரம் உதிர்ந்தது. அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சிமெண்ட் பூச்சு. இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக நான் பார்க்கும் நான்காவது கட்டடம்.

"மழை உள்ளே வரக் கூடாது என்றுதானே பூசினோம்?" என்றார் உரிமையாளர். எத்தனை முறைதான் இதற்குப் பதில் சொல்வது!

அந்தச் சுவர் நனையும், காயும். அப்படித்தான் அதைக் கட்டினார்கள். ஓக் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைத் தட்டியாக முடைந்து, களிமண்ணையும் வைக்கோலையும் சாணத்தையும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். மரம் ஆண்டு முழுவதும் விரியும், சுருங்கும். சுண்ணாம்பு அதோடு இசைந்து போகும். சிமெண்ட் இசையாது, சட்டத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அதில் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடிச்சட்டத்தில் போய்த் தங்கும். உள்ளே ஈரம் தெரிந்ததும் விரிசலை அடைக்கிறேன் என்று இன்னொரு கை சிமெண்ட் பூசுகிறார்கள். திரும்பவும் சொல்கிறேன்: நீங்கள் பூசிய சிமெண்ட்தான் தண்ணீரை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. ஈர ஓக்கில் பிறகு வண்டு விழுந்து மரத்தை அரிக்கும்.

மரச்சட்டக் கட்டடங்கள் நூற்றாண்டுகள் தாங்கும். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரின் நியூ இன், 1450ஐ ஒட்டி அங்கிருந்த மடாலயம் யாத்திரிகர்களுக்காகக் கட்டிய விடுதி. முற்றத்தைச் சுற்றி மாடித் தாழ்வாரங்களோடு இன்றும் நிற்கிறது. லண்டன் சவுத்வார்க்கில் ஜார்ஜ் இன் 1676இல் தீக்கிரையாகி, மறு ஆண்டே எழுந்தது. 1889இல் ரயில்வேக்காகப் பெரும்பகுதியை இடித்தார்கள். தப்பிய தென்பக்கம்தான் லண்டனில் தாழ்வாரத்தோடு மிஞ்சிய ஒரே பயணியர் விடுதி.

இத்தகைய கட்டடங்களில் ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதன் துளையில் செருகி மர ஆணி அடித்திருப்பார்கள். பச்சை ஓக்கில் செய்ததால், காயக் காய முறுக்கிக்கொள்ளும். சாய்ந்திருக்கிறதே என்று நிமிர்த்தப் போகாதீர்கள். தச்சர்கள் சட்டங்களைத் தரையிலேயே பொருத்திப் பார்த்து, ஒன்றோடொன்று சேரும் இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி, பிரித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் பார்த்த விடுதியிலும் ஒரு தூணில் உளியால் கீறிய நான்கு கோடுகள் நேற்றுக் கீறியவை போலத் தெளிவாக இருந்தன. அதே எண் இருந்திருக்க வேண்டிய அடிச்சட்டம் உளுத்துக் கையோடு வந்தது.

மரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதும் வேண்டாம். அந்தக் கறுப்பு வெள்ளைத் தோற்றம் பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம்.

சிமெண்டை நீங்களே கொத்தத் தொடங்காதீர்கள்; களிமண்ணும் சேர்ந்து பெயர்ந்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இங்கிலாந்தில் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மை மாறும்படி அனுமதியின்றி வேலை செய்தால் அது குற்றம். 2 ஆண்டு வரை சிறை உண்டு. வெளித்தரைக் கல்லை அடிச்சட்டத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள். தயவுசெய்து, இலை உதிர்ந்து முடிந்ததும் ஏணி போட்டுக் கூரைத் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள். அந்த விடுதியின் தூம்பில் புல் முளைத்திருந்தது.