கால்வாயை ஒளித்துவைத்த தோட்டம்

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி, மெலன் என்ற ஊருக்குப் பக்கத்தில், வயல்களுக்கும் காட்டுக்கும் நடுவில் வோ-லெ-விகோந்த் என்றொரு மாளிகை இருக்கிறது. அதன் தோட்டப் பக்கத்துப் படிக்கட்டின் உச்சியில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். பின்னல் வேலைப்பாடு போல வெட்டிய செடிப் பாத்திகள், வட்டமாக ஒரு குளம், சதுரமாக ஒரு பெரிய குளம், அந்தக் குளத்தை ஒட்டினாற்போல வளைவு வளைவாக ஒரு கல் மண்டபம், அதற்குப் பின்னால் புல்மேடு, மேட்டின் மேல் பொன்முலாம் பூசிய ஹெர்குலஸ் சிலை. அவ்வளவுதானே, ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் நடக்க நடக்க மண்டபம் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். சதுரக் குளத்தைத் தாண்டிக் கடைசி விளிம்புக்கு வந்தால் காலுக்குக் கீழே திடீரென்று ஒரு கால்வாய். அதுவும் சின்ன வாய்க்கால் இல்லை, குறுக்கே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிற, ஆற்றையே திருப்பிவிட்டு வெட்டிய கால்வாய். மண்டபம் அதற்கு அந்தக் கரையில் இருக்கிறது. அந்த இடத்தில் பாலமும் கிடையாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இவ்வளவு பெரிய தண்ணீர்ப் பரப்பு படிக்கட்டிலிருந்து பார்க்கும்போது எங்கே போயிருந்தது?

இதைச் செய்தவர் ஆந்த்ரே லெ நோத்ர். 1613-இல் பாரிஸ் துய்லரி அரண்மனைத் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர், இளமையில் சிமோன் வூஏ என்ற ஓவியரின் பட்டறையில் பயின்றவர். அந்த ஓவியப் பயிற்சி முக்கியம். தட்டையான துணியில் ஆழத்தை வரவழைப்பது எப்படி என்பது அந்தக் காலத்து ஓவியர்களுக்கு அத்துப்படி. இவர் அதையே தலைகீழாக்கி, நிஜமான ஆழத்தைத் தட்டையாகக் காட்டப் பயன்படுத்திக்கொண்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். நம் கண்ணுக்கு மீட்டர் தெரியாது, கோணம்தான் தெரியும். தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரிவதும் இதனால்தான்: இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் மாறவில்லை, அது கண்ணில் பிடிக்கும் கோணம்தான் சுருங்குகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத பாதி என்னவென்றால், தரையில் கிடக்கும் ஒரு பொருளின் அகலமும் நீளமும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை.

உங்கள் கண் தோட்டத்து மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், அங்கே அளந்தது அல்ல). 100 மீட்டர் தள்ளித் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரமாக ஒரு பாத்தி. அதன் அகலம் கண்ணில் கிட்டத்தட்ட 5.7 டிகிரி பிடிக்கும். நம்மிடமிருந்து விலகிப் போகும் அதன் நீளமோ வெறும் அரை டிகிரி, அதாவது முழு நிலா வானத்தில் பிடிக்கும் இடம் அளவுக்குத்தான். இப்போது அதே பாத்தியை 400 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். அகலம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது, நீளமோ பதினைந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. தூரம் இரட்டித்தால் அகலம் பாதியாகும், நீளம் ஏறக்குறைய கால்வாசியாகும். தூரத்துச் சதுரங்கள் எல்லாம் வெறும் கோடுகளாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அந்த 400 மீட்டர் தூரத்துப் பாத்தியும் பக்கத்துப் பாத்தி அளவுக்கே உயரமாகக் கண்ணில் தெரிய வேண்டுமென்றால் அதை 10 மீட்டர் நீளத்தில் போட்டால் ஆகாது, சுமார் 230 மீட்டர் நீளத்துக்கு இழுக்க வேண்டும்!

லெ நோத்ர் செய்தது இந்த இழுப்பு வேலைதான், ஆனால் அளவோடு. மாளிகைக்குப் பக்கத்தில் இருப்பவற்றைச் சிறிதாகவும், தள்ளிப் போகப் போகப் பெரிதாகவும் வைத்தார். குளங்களை நம் பக்கம் குறுகலாகவும் அந்தப் பக்கம் அகலமாகவும் வெட்டினார். தூரத்தால் வரவேண்டிய சுருக்கத்தை வடிவத்தால் ஈடுகட்டிவிட்டால், ‘இதெல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது’ என்று மூளை முடிவு கட்டிவிடும். மூளையைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு கண்களுக்கும் இடையே இருப்பது ஆறு ஏழு சென்டிமீட்டர்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்லும் அந்த இரட்டைப் பார்வை, சில நூறு மீட்டருக்கு அப்பால் இரண்டு கண்ணிலும் ஒரே படம் விழுவதால் அநேகமாக உதவாமல் போய்விடுகிறது. அப்புறம் மூளைக்கு மிஞ்சுவது மறைமுகச் சாட்சிகள்தான்: எது பெரிதாகத் தெரிகிறது, எது பார்வையில் மேலே இருக்கிறது, எது எதை மறைக்கிறது. லெ நோத்ர் கைவைத்தது சரியாக இந்தச் சாட்சிகள் மேல்.

மறைப்பது என்றதும் கால்வாய்க்கு வருகிறோம். இந்தத் தோட்டம் மாளிகையிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது. கண் 10 மீட்டர் உயரத்தில், தோட்டத்தின் விளிம்பு 500 மீட்டர் தள்ளி என்று வைத்தால், அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும் பார்வைக் கோடு 50 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் இறங்கும். ஆகவே விளிம்புக்கு அப்பால் தரை வெறும் 2 மீட்டர் பள்ளமானாலும் அடுத்த 100 மீட்டர் தூரம் முழுதாக மறைந்துவிடும். நாற்பது மீட்டர் அகலக் கால்வாயை ஒளிப்பதற்கு இது தாராளம். பார்வை கால்வாயைத் தாண்டி எகிறிப் போய் எதிர்க்கரை மண்டபத்தில் இடிக்கிறது. நடுவில் இருப்பது எதுவும் தெரியாததால் மண்டபம் சதுரக் குளத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது போலக் காட்சி. ‘திடீரென்று’ வருவதற்கும் இதே கணக்குத்தான். விளிம்புக்கு 20 மீட்டர் இருக்கும்போது, 1.6 மீட்டர் உயரக் கண்ணுக்கு அதே 2 மீட்டர் பள்ளம் இன்னும் 25 மீட்டரை மறைக்கும். விளிம்புக்கு 2 மீட்டர் என்றால் இரண்டரை மீட்டரைத்தான் மறைக்கும். கடைசிச் சில காலடிகளில் திரை விலகிவிடுகிறது.

கண்ணுக்குக் கீழே கிடக்கும் தளங்களில் தூரத்துப் பகுதி மேலே தெரியும் என்பதை யூக்ளிட் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். டெகார்ட் ஒளியியல் பற்றி எழுதியது 1637-இல், இந்தத் தோட்டம் வருவதற்கு இருபது வருடம் முன்னால். அறிவு ஊரில் இருந்தது. இருந்த சிற்றூர்களை அகற்றி, மண்ணை வெட்டி, ஆற்றைத் திருப்பி அதைத் தரையில் செய்து பார்க்கிற அளவுக்குப் பணமும் துணிச்சலும் உள்ள ஒரு ஆள்தான் தேவைப்பட்டான்.

அந்த ஆள் நிக்கோலா ஃபூக்கே, பதினான்காம் லூயியின் நிதிக் கண்காணிப்பாளர். கட்டடத்துக்கு லூயி லெ வோ, உள் அலங்காரத்துக்கு ஷார்ல் லெ ப்ரன், தோட்டத்துக்கு லெ நோத்ர் என்று மூவரையும் ஒரே வேலையில் சேர்த்தார். 1661 ஆகஸ்ட் 17 அன்று ராஜாவுக்கு இங்கே பெரிய விருந்து, மோலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை. செப்டம்பர் 5-ஆம் தேதி ஃபூக்கே கைது. கைது செய்தவர் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ நாவலின் நாயகனுக்கு மூலமான நிஜமான தார்தஞான்! நீதிமன்றம் நாடுகடத்தல் என்றது, ராஜா அதை ஆயுள் சிறையாக்கினார். ஃபூக்கே 1680-இல் சிறையிலேயே இறந்தார். விருந்தின் ஆடம்பரத்தைப் பார்த்துப் பொறாமையில் ராஜா கைது செய்தார் என்பது சொல்லச் சுவையான கதை, ஆனால் முடிவு விருந்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. மூன்று கலைஞர்களும் அப்படியே வெர்சாய்க்குப் போனார்கள். அங்கே கால்வாய் ஒளியவில்லை, 1,670 மீட்டர் நீளத்துக்கு அரண்மனையிலிருந்து நேர்கோட்டில் நீண்டு கிடக்கிறது. பார்த்தவுடன் அசர வேண்டும் என்பது ராஜாவின் தோட்டம். எனக்கு வோ-தான் பிடிக்கும், நடந்தால்தான் எதையாவது கொடுக்கிறது.

அந்தச் சதுரக் குளத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதன் தூரக் கரையில் நின்று திரும்பிப் பார்த்தால், அவ்வளவு தொலைவில் இருக்கும் மாளிகை முழுதாகத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்ததுதான். மாளிகையின் உச்சி தண்ணீர் மட்டத்துக்கு மேல் 40 மீட்டர், அடித்தளம் 10 மீட்டர், தொலைவு 500 மீட்டர், நம் கண் அதே 1.6 மீட்டர் என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், உச்சியின் பிம்பம் நம் காலிலிருந்து 20 மீட்டர் தள்ளியும், அடித்தளத்தின் பிம்பம் 70 மீட்டர் தள்ளியும் தண்ணீரில் விழும். முழு மாளிகையைப் பிடிக்க இடையில் 50 மீட்டர் தண்ணீர் தேவை. அந்தக் குளம் ஏன் அவ்வளவு பெரிது என்பது இப்போது புரியும். இன்னொன்று, தண்ணீரை நேர்மேலிருந்து பார்த்தால் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும். இப்படி நாலைந்து டிகிரி சாய்வில் தாழ்வாகப் பார்த்தால் பாதிக்கும் மேல் திரும்புகிறது. தூரத்துப் பிம்பம் பளிச்சென்று இருப்பதற்கு அந்தச் சாய்வே காரணம். காற்று அடித்தால் மட்டும் எல்லாம் போச்சு, ஒவ்வொரு சிற்றலையும் கோணத்தை மாற்றிப் பிம்பத்தை மேலும் கீழுமாக இழுத்துவிடும். காலையில் போனால் காற்று குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாமே 1661-ஐச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். 1875-இல் ஆல்ஃப்ரெட் சோமியே என்ற சர்க்கரை ஆலை அதிபர் வாங்கியபோது தோட்டம் பாழாகிக் கிடந்தது. ஹெர்குலஸ் சிலை அவர் வைத்தது, பின்னல் பாத்திகள் 1920-களில் அஷில் துஷேன் புதிதாக வரைந்தவை. அந்தப் பாத்திகளில் இருந்த பாக்ஸ் என்ற குறுஞ்செடிகளும் பூஞ்சை நோயிலும் அந்துப்பூச்சிப் புழுவிலும் சிக்கி 2019-இல் பிடுங்கப்பட்டு, அந்த இடத்தில் அலுமினியப் பட்டைகளை விரித்து வைத்தார்கள். ஆனால் ஏமாற்று வேலை செடியில் இல்லை, மண் மட்டத்தில் இருக்கிறது. அதைப் புழு அரிக்க முடியாது.

பெரும்பாலானவர்கள் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வட்டக் குளம் வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள். எடுத்த படத்திலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஃபோன் ஓர் இடத்தில் நிற்கிறது. இந்தத் தோட்டம் நகர்கிற கண்ணுக்காகப் போட்டது. கால்வாயைச் சுற்றிக்கொண்டு, மண்டபத்தைத் தாண்டி, புல்மேட்டில் ஏறி ஹெர்குலஸ் காலடியில் நின்று திரும்பிப் பாருங்கள். இப்போது பெரியவை எல்லாம் நமக்குப் பக்கத்தில், சிறியவை தூரத்தில். அங்கே தூரத்தைச் சுருக்கிக் காட்டிய அதே அளவுகள் இங்கே தூரத்தை நீட்டிவிடும், நடந்து வந்ததைவிட மாளிகை வெகு தொலைவில் இருப்பது போலத் தெரியும். நேரம் குறைவாக இருந்தால் மாளிகைக்குள் இருக்கும் அறைகளில் பாதியை விட்டுவிட்டாவது இங்கே வரை ஏறிவிடுங்கள். வாடகைக்கு மின்வண்டி கிடைக்கும், ஆனால் முதல் தடவை அதில் ஏற வேண்டாம். கால்வாய் எந்த இடத்தில் கண்ணில் படுகிறது என்பது கால் கணக்கில்தான் தெரியும்.